ஆடி கழியட்டும் என்று வைத்த கடிதம்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை, வீடு திருவள்ளூரில். லாரியில் கம்பிக்கட்டு ஏற்றும் இடத்துக்கு நான் மேற்பார்வையாளர். தலைக்கு மேலே ஓடும் கிரேனை ஓட்டியது ஒரு தம்பி. சொந்தத் தம்பி இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். பெயரை எழுத வேண்டாம் என்பதால் தம்பி என்றே எழுதுகிறேன்.

அவன் மேலே கூண்டுக்குள் இருப்பான், நான் கீழே நின்று கையை ஆட்டுவேன். இரண்டு டன் கம்பிக்கட்டை லாரித் தளத்தில் சத்தமே வராமல் இறக்கி வைப்பான். லாரி டிரைவர்கள், "அந்தத் தம்பி ஷிப்டு எப்போ சார்?" என்று கேட்டு வண்டியை வரிசையில் விடுவார்கள். வேலையில் அவ்வளவு சுத்தம். ஆனால் காகிதம், கையெழுத்து, ஆபீஸ் என்றால் மட்டும் காத தூரம் ஓடுவான்.

என்னிடம் ஒரு கார் இருந்தது. ஆறு வருடம் வைத்திருந்தேன். நாங்கள் வீடு மாறியபோது கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்க ஆரம்பித்துவிட்டதால், கார் தார்ப்பாய்க்குள் சும்மா தூங்கியது. தை பிறந்ததும் தம்பி வந்து கேட்டான். ஆர்.கே.பேட்டைப் பக்கம் இருந்த அவன் குடும்பம் அப்போதுதான் திருப்பாச்சூரில் வாடகைக்கு வந்திருந்தது. மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை. எனக்கும் தெரிந்தவன் கையில் போகிறதே என்று சந்தோஷம். பேச்சு சுமுகமாக முடிந்து, எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிக்கொண்டு போனான். பெயர் மாற்ற வேண்டிய படிவங்களில் என் கையெழுத்தையும் அன்றே போட்டுக் கொடுத்துவிட்டேன். அவன் போய் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அதைத்தான் அவன் கொடுக்கவில்லை.

மாசியில் கேட்டேன். "கொழந்தைக்குக் காது குத்தறோம்ணே, அது முடியட்டும்" என்றான். பங்குனியில் ஆதாரில் பழைய விலாசம் இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றான். சித்திரையில் வெயில். வைகாசியில் லீவு கிடைக்கவில்லை. ஆனியில் நானே ஒரு நாள் அவனை மடக்கிக் கேட்டேன்.

"இன்னாண்ணே நீங்க, நான் எங்க ஓடிப் போவப் போறேன்? ஆடி பொறக்கப் போவுது. ஆடில எதுவும் செய்ய வேணாம்னு ஊட்ல சொல்றாங்க. ஆடி கழியட்டும்ணே, மொத வேலையா முடிச்சிடறேன்" என்றான்.

எங்கள் பக்கத்தில் இது பெரிய குற்றமே இல்லை. கை மாறின வண்டி நாலு வருடம் பழைய ஆள் பெயரிலேயே ஓடும். ஆனால் எனக்கு அந்த வைகாசியில் ஒரு அனுபவம் ஆகியிருந்தது. ஒரு காவல் நிலையத்திலிருந்து என் போனுக்கு அழைப்பு. என் பெயரில் உள்ள கார் ஒரு பைக்கை உரசிவிட்டுப் போய்விட்டது, நேரில் வாருங்கள் என்றார்கள். அரை நாள் லீவு போட்டுப் போய், வண்டியை விற்றுவிட்டேன் என்று சொன்னால், "வித்ததுக்கு எங்க பேப்பர்?" என்று கேட்டார்கள். பைக் வைத்திருந்தவன் நல்ல மனிதன், பெரிதாக்காமல் விட்டுவிட்டான். தம்பி வந்து மன்னிப்புக் கேட்டான், உண்மையில் உரசினதே தெரியவில்லை என்றான். நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் உள்ளே நெருப்பு அணையவில்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில் ஒரு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டானே என்று இருந்தது.

அந்த நிலையில்தான் ஆனி கடைசியில் அந்தக் கடிதம் வந்தது.

கார் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால். சர்வீஸ் முகாம் விளம்பரமாக இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். அந்த மாடல் வண்டிகளில் கூலன்ட் போகிற ரப்பர் குழாய் ஒன்று வெடிப்பு விட்டுக் கசிய வாய்ப்பு உண்டு. கூலன்ட் என்பது இன்ஜின் சூட்டை இழுத்துக்கொண்டு சுற்றி வருகிற பச்சைத் தண்ணீர். அது குறைந்தால் இன்ஜின் கொதித்துவிடும். ஆகவே அருகில் உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் குழாயை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தது. கீழே கறுப்பு எழுத்தில் ஒரு வரி: இன்ஜின் சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்காதீர்கள்.

அந்த வரியைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

என் மனைவி பக்கத்தில் இருந்தாள். "அந்தத் தம்பிக்கு போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றாள்.

"பேரு மாத்தியிருந்தா அவன் ஊட்டுக்கே போயிருக்கும். அவன் ஆடி கழிச்சுதான் பேரு மாத்துவானாம். நானும் ஆடி கழிச்சே குடுக்கறேன்" என்றேன்.

எனக்கே அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது. சரியான அடி கொடுத்தேன் என்று ஒரு திருப்தி. கடிதத்தை டி.வி. ஸ்டாண்டு டிராயரில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அதே செய்தி போனிலும் வந்தது. அதையும் அப்படியே விட்டேன். அவனுக்கு ஆபத்து வரட்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. ஒரு ரப்பர் குழாய்தானே, ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும்? எப்படியும் பெயர் மாற்றியதும் என்னிடம் சொல்ல வருவான், அப்போது கடிதத்தை எடுத்து மேஜையில் போட்டு, "பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்று நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்காகவே அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆடி பிறந்த முதல் வாரம். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் நாலைந்து பேர் மேஜையில் இருந்தார்கள். தம்பி டம்ளரோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அண்ணே, வண்டி தண்ணி குடிக்குதுண்ணே. நாலு நாளைக்கு ஒரு தபா டப்பால கொறஞ்சி போவுது. உங்க கைல இருந்தப்பவும் இப்பிடித்தானா?"

நன்றாகக் கவனியுங்கள், அவன் கேட்டது இவ்வளவுதான். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. 'ஓட்டை வண்டியை என் தலையில் கட்டிவிட்டீர்களா' என்று நாலு பேர் எதிரில் கேட்பதாக விழுந்தது. சுர்ரென்று ஏறியது.

"எங்கிட்ட ஆறு வருஷம் இருந்திச்சி. ஒரு சொட்டு சிந்துனது கெடையாது. நீ ஓட்டற லட்சணம் அப்பிடி" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவனும் சிரித்தான். "அப்ப இன்னாதாண்ணே பண்றது? மெக்கானிக் கிட்ட உடட்டுமா?"

"இதுக்குப் போய் மெக்கானிக்கா? ஒரு பாட்டில் தண்ணி எப்பவும் வண்டில வச்சிக்க. கொறஞ்சா மூடியத் தெறந்து ஊத்திக்கினு போய்க்கினே இரு" என்றேன்.

பெரிய நிபுணன் மாதிரி சொன்னேன். கடிதம் வீட்டு டிராயரில் இருக்கிறது. பதில் அதில் அச்சடித்து இருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. அவன் "சரிண்ணே" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை மனைவி கேட்டாள். "அந்த லெட்டர குட்த்தீங்களா இல்லியா? கொழந்த வெச்சிக்கினு போற வண்டிங்க." இரண்டாவது தடவை கேட்டபோது எனக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இப்போது எப்படிக் கொடுப்பது? கேன்டீனில் அத்தனை பேர் எதிரில் ஒரு சொட்டு சிந்தியதில்லை என்று சொன்னவன், இப்போது போய், கம்பெனியே கடிதம் போட்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நாள் ஆக ஆக, கொடுப்பது கஷ்டமாகிக்கொண்டே போனது. வீம்பில் ஆரம்பித்தது வெட்கத்தில் வந்து நின்றது.

ஆடி மூன்றாவது ஞாயிறு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன்.

"சார், இந்த நம்பரு காரு ஒங்களுதா? கண்ணாடில ஒங்க போன் நம்பர் ஒட்டிக்கீது. பெரியபாளையத்துல நிக்குது சார். ஓட்டியாந்தவரு மூஞ்சில சுடுதண்ணி அட்ச்சிருச்சி."

வெட்கத்தை விட்டு ஒன்றை எழுத வேண்டும். அந்த முதல் நொடியில் எனக்கு வந்தது பயம் இல்லை. 'மறுபடியும் என் பெயரில் ஒரு வில்லங்கமா' என்ற எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் 'சுடுதண்ணி' என்ற வார்த்தை மண்டைக்குள் இறங்கியது. சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

ஆடி ஞாயிற்றுக்கிழமையில் பெரியபாளையம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மன் கோயிலுக்கு வருகிற லாரி, வேன், மாட்டுவண்டி எல்லாம் சேர்ந்து ரோடு நகராது. வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு பெண்கள் நடந்துபோவார்கள், அவர்களுக்குப் பின்னால் வண்டிகள் ஊர்ந்து வரும். தம்பியும் குடும்பத்தோடு வேண்டுதல் செலுத்த வந்திருக்கிறான். வெயிலில் ஒரு மணி நேரம் ஊர்ந்ததில் இன்ஜின் கொதித்திருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனை ஆம்புலன்சில் கொண்டு போய்விட்டார்கள். கார் ரோட்டோரம் பானெட்டைத் திறந்தபடி நின்றது. தரையில் பச்சைத் திட்டு காய்ந்திருந்தது. பக்கத்தில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பந்தலில் ஒரு அம்மாள், அறுபது வயது இருக்கும், என்னிடம் வந்தார்.

"ஒனக்கு இன்னா ஓணும்பா அவரு?" என்றார்.

"கூட வேல செய்யறவங்கம்மா."

"பொக வருதுப்பா, தொறக்காத, தொறக்காதன்னு நாங்க அத்தினி பேரும் கத்தனோம். 'தெனம் தொறந்து ஊத்தறதுதாம்மா, எங்க அண்ணன் சொல்லிக் குட்த்துருக்காரு'ன்னு சொல்லிக்கினே துணிய வெச்சித் திருவிட்டாம்பா. அப்பிடியே மேல பீச்சி அட்ச்சிருச்சி. நல்லவேள, குடிக்க வெச்சிருந்த தண்ணிப் பானையத் தூக்கி அப்பிடியே மூஞ்சில ஊத்தனோம். மூணு பானை ஊத்தனோம். எந்த மடையன் சொல்லிக் குட்த்தானோ."

நான் தலையை ஆட்டினேன். அந்த மடையன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாள் ஒரு சொம்புக் கூழைக் கையில் கொடுத்து, வெயிலில் வந்திருக்கிறாய், குடி என்றார். வாங்கிக் குடித்தேன்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் முதல் உதவி செய்து, அன்று சாயங்காலமே சென்னைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கழுத்தும் வலது கன்னமும் வலது முன்கையும் வெந்திருந்தன. வலது கண்ணுக்குள்ளும் பட்டிருந்தது. இடது கண் தப்பித்ததற்கு அந்தப் பானைத் தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். குழந்தையும் அவன் மனைவியும் வண்டிக்குள்ளேயே இருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. என் குரலைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "வண்டி என்னாச்சிண்ணே?"

"வண்டி கெடக்குது உடு. நீ இப்ப எப்பிடிக் கீற?"

"என் அவசர புத்திண்ணே. ஆற உட்டுத் தெறந்துருக்கணும். கொழந்த வெயில்ல அழுதுச்சி, சட்டுனு கெளம்பலாம்னு பாத்தேன். நீங்க புள்ள மாதிரி வெச்சிருந்த வண்டிய நாசம் பண்ட்டேன்" என்றான்.

அவன் மனைவி வெளியே வராந்தாவில் என்னிடம், "நீங்க வந்தப்புறந்தாண்ணே எனக்கு உசுரே வந்துச்சி" என்றாள். பத்து நாள் தினமும் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன், குழந்தையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம். பார்க்கிறவர்கள் எல்லாரும், கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்றார்கள். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் எனக்குக் கூசியது. என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. டிராயர் பக்கம்கூட அவள் போகவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தோல் ஆறிவிட்டது. கண் ஆறவில்லை. கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது, புகைமூட்டமாகத்தான் தெரியும், பிற்காலத்தில் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். கிரேன் ஓட்டுகிறவனுக்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடாது. ஆலையில் கண் பரிசோதனை செய்து, இனி மேலே ஏறக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். வேலையை எடுக்கவில்லை, அந்த மட்டில் நல்லவர்கள். சாமான் வழங்கும் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். கையுறை, போல்ட், கிரீஸ் டப்பா எடுத்துக் கொடுக்கிற வேலை. கிரேன் கூண்டில் வேறு ஒருவன் வந்தான். முதல் நாள் கம்பிக்கட்டைத் தடாலென்று போட்டான். சத்தம் கேட்டு ஸ்டோர் வாசலில் வந்து நின்று தம்பி மேலே பார்த்ததை நான் பார்த்தேன். சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐப்பசியில் அவன் மச்சான் காரை இழுத்துக்கொண்டு போய் சர்வீஸ் சென்டரில் விட்டிருக்கிறார். அங்கே வண்டி எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டதும், இந்தக் குழாய்க்காக ஓனருக்குக் கடிதமும் போட்டோம், போனிலும் செய்தி அனுப்பினோமே, ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த நாள் ஷிப்டு முடிந்து நான் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தம்பி பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, காரு கம்பெனிலேர்ந்து எதுனா லெட்டர் வந்துச்சா?"

அவன் குரலில் சந்தேகம் இல்லை. வரவில்லை என்று சொன்னால் நம்பியிருப்பான். தபாலில் தொலைந்திருக்கும் என்று அவனே எனக்காக ஒரு காரணத்தையும் கண்டுபிடித்திருப்பான். 'இல்லையே' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் அந்த வெளுத்த கண்ணையும் சேர்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்ல முடியவில்லை.

"வந்துச்சி" என்றேன்.

"எப்ப?"

"ஆடிக்கு முன்னாடி."

அவன் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள்.

"நான் அன்னிக்குக் கேட்டனேண்ணே. கேன்டீன்ல" என்றான்.

சண்டை போடவில்லை. சத்தம் போடவில்லை. நீ பேர் மாற்றாத கோபம் என்று ஏதோ உளறினேன். நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள் என்றேன். காலில் விழவும் தயாராக இருந்தேன். "சரி உடுங்க, பஸ்ஸு போய்டும்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று திருவள்ளூர் வரை அவன் பின்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரமே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்தான். பழைய படிவங்கள் காலாவதியாகியிருந்ததால் நானும் போய்ப் புதிதாகக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை மாதம் நான் எதற்காகக் குதித்தேனோ, அது முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் அவன் நின்று, மரியாதையாகக் கும்பிட்டு, "வரேன் சார்" என்றான். அன்றிலிருந்து ஆலையில் எங்கே பார்த்தாலும் சார்தான். கேட்ட சாமானை எடுத்துக் கொடுக்கிறான், வணக்கம் சொல்கிறான், ஒரு குறையும் இல்லை. ஒரு தடவையாவது திட்டிவிட மாட்டானா என்று நானும் காத்திருக்கிறேன்.

ஸ்டேஷனில் உட்கார வைத்தானே என்ற என் கோபம் நியாயமானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு நான் கொடுத்த தண்டனை எவ்வளவு பெரியது என்று கொடுக்கும்போது எனக்குத் தெரியவில்லை. ஒருவன் நம்பி வந்து ஒன்றைக் கேட்டால், அதில் குத்தலைத் தேடாமல் தெரிந்த பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்ற இந்தச் சின்ன விஷயத்தை நான் கற்றுக்கொள்ள ஒரு கண் போக வேண்டியிருந்தது, அதுவும் என் கண் இல்லை.